நாடா இல்லாத பேண்ட்

அந்தப் பேண்ட் கூரியரில் வந்து இறங்கிய நாளில் எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. சோறு வைத்தால் சாப்பிட்டேன், வேன் வந்தால் ஏறினேன். யாராவது பேசினால் அவர்கள் வாய் அசைந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "சரிங்க" என்றேன். என் கணவர் இறந்து கோடைகூட இன்னும் முடிந்திருக்கவில்லை.

அவர் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், காங்கேயத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் பைக்கில் போனவர் திரும்பி வரவில்லை. தேங்காய் ஏற்றி வந்த ஒரு லாரி. அதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை. எனக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் வீதிக்குத் தெரிந்திருந்தது. நான் கம்பெனி வேனில் வந்து இறங்கியபோது வாசலில் அத்தனை செருப்புகள் கிடந்தன. அவற்றைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. யாரும் வாயைத் திறந்து என்னிடம் எதையும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த செய்தியை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் அழவில்லை. நான் அழாததைப் பற்றி உறவுக்காரப் பெண்களுக்குத்தான் கவலை. ஒரு பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியே பார்த்தார், ஊறுகாய் ஜாடியின் அடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. "அழுதுரு கண்ணு, அழுதுரு, உள்ள வெச்சுக்காத" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். கருமாதி முடிகிற வரை வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அது முடிந்த மறுநாளிலிருந்து ஒருவரும் என்னைத் தொடவில்லை. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை. பெண்களுக்கான பேண்ட், கவுன், இரவு உடை எல்லாம் தைத்தாலும் திருப்பூரில் அது பனியன் கம்பெனிதான். நான் சாம்பிள் பிரிவில் இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எழுதுவது, அவர்கள் கேட்கும் மாதிரியைத் தைக்க வைப்பது, அதைப் படமெடுத்து அனுப்புவது என் வேலை. இவை போக இன்னொன்றும் உண்டு. எங்கள் முக்கியமான பையரின் நடுத்தர சைஸும் என் உடம்பும் தற்செயலாக ஒன்றாக இருந்தன. அதனால் தைத்த மாதிரிகளைப் போட்டுக்கொண்டு நிற்பதும் நான்தான். "சாமி உனக்கு அழகக் கொடுக்கல, அளவக் கொடுத்திட்டாரு" என்று செக்கிங் அக்கா கேலி செய்வாள். நான் போட்டு நின்ற படங்கள் எல்லாம் கழுத்துக்குக் கீழேதான். பையருக்கு முகம் தேவையில்லை. மூன்று வருடங்களாக என் தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, முகம் மட்டும் அருள்புரத்திலேயே இருந்தது.

திரும்ப வேலைக்குப் போகச் சொன்னது என் மாமியார்தான். அவருக்கும் எனக்கும் அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. பேசினால் எந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று இருவருக்கும் பயம், அவ்வளவுதான். "போயிட்டு வா கண்ணு, ஊட்டுலயே உக்காந்துட்டு என்ன பண்றது" என்றார். நான் போனேன்.

மூலனூரில் இருந்து என் அண்ணன் வந்தார். அங்கே எங்களுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. தங்கை விதவையாகி, பேண்ட் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். முதலாளியிடம் மரியாதையாகத்தான் பேசினார். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றனுங்க. இனி இங்க இருந்து என்னங்க பண்றது" என்றார். முதலாளி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு பேண்ட் ஆர்டர் பேச்சில் இருக்கிறது, அது கிடைத்தால் சாம்பிள் பிரிவைப் பெரிதாக்கி என் பொறுப்பில் விடப்போவதாகச் சொன்னார். அண்ணன் அதற்கு ஒப்புக்கொண்டார். "ஆர்டர் வந்தா இருக்கட்டுங்க. இல்லீன்னா ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்." இரண்டு பேரும் என் வாழ்க்கையை நல்லபடியாகப் பேசி முடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மூலனூருக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்களில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அங்கே போனால் ஒரு கட்டிலில் படுப்பேன், அதிலிருந்து எழுந்திருக்க மாட்டேன். இங்கே காலையில் வேன் ஹாரன் அடித்தால் எழுந்தே ஆக வேண்டும். என்னைத் தூக்கி நிறுத்த அந்த ஹாரனைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்த ஆர்டருக்கான மாதிரிதான் கூரியரில் வந்த பழைய பேண்ட். அது எழுபதுகளில் தைத்தது என்று பையர் எழுதியிருந்தார். அந்த அம்மாவே முதல் வேலைக்குப் போன காலத்தில் போட்டதாம். பாசிப்பச்சை நிறம். கனமான பின்னல் துணி, தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கும் இடுப்பு, முழங்காலுக்குக் கீழே விரிந்து தரையைத் தொடும் கால். முன்பக்கம் இஸ்திரி மடிப்பு கலையாதிருக்க மடிப்பின் மேலேயே ஒரு தையல் ஓடியது. பக்கவாட்டில் ஜிப். பழைய பீரோ வாசனை அடித்தது.

பையருக்கு வேண்டியது இதுதான்: பழசாக இருக்க வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக் கூடாது. இந்த மாதிரி வாக்கியங்களைப் படித்தால் முன்பெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்கரைப் பொங்கல் வேண்டும், இனிப்பு மட்டும் கூடாது என்று கேட்பவர்களிடம் என்ன பேசுவது? அன்று எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. உட்கார்ந்து யோசித்து எழுதிக் கொடுத்தேன். காலின் விரிவு அப்படியே இருக்கட்டும், அதுதான் அந்தப் பேண்டின் உயிர். இடுப்பை மூன்று விரல் இறக்கிவிடலாம், அப்போது எல்லோரும் இறங்கிய இடுப்புதான் போட்டார்கள். துணி அதே கனமாக இல்லாமல், இழுத்தால் நீளும் லைக்ரா நூல் கலந்த இன்டர்லாக் பின்னல். மடிப்புத் தையல் இருக்கட்டும், அது காலை நீளமாகக் காட்டும். இடுப்புக்கு எலாஸ்டிக் போட்டுவிடலாம் என்று நான் எழுதியதை மட்டும் பையர் அடித்துவிட்டார். எலாஸ்டிக் கூடாது, நாடா கூடாது, இடுப்பு தானாகவே நிற்க வேண்டும், ஜிப் இருந்தே ஆக வேண்டும் என்றார். சைஸ் அட்டவணையைக்கூட மிகவும் பார்க்க வேண்டாம் என்றார். "உங்கள் பெண் மேல் போட்டுப் பாருங்கள், அவள் எங்கள் அளவு. அவள் இடுப்பில் அது சொருகியதுபோல உட்கார வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

உங்கள் பெண் என்றால் நான்.

எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் பெருந்துறைப் பக்கத்துக்காரர். பெண்களைத் தொட்டு அளவெடுக்க மாட்டார், ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். அளவெடுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு "இடுப்பு?" என்பார். செக்கிங் அக்கா என்னைச் சுற்றி டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்வாள். அவர் சாக்பீஸால் பழுப்புக் காகிதத்தில் குறித்துக்கொள்வார். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. அக்கா திருச்செந்தூர்ப் பக்கம். வாய் ஓயாது. முன்பெல்லாம் டேப்பைச் சுற்றும்போதே விலாவில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, "ஏட்டி, நேத்து ராத்திரி என்ன தின்ன?" என்பாள். மாஸ்டர் சுவரைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் திரும்பி வந்த பிறகு அக்கா என்னை "வாங்க, நில்லுங்க" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். கொங்கு மரியாதையைப் பல வருடம் கிண்டலடித்தவள், எனக்கு மட்டும் அதை எடுத்துப் பரிமாறினாள். அன்று பழைய பேண்டுக்காக அளவெடுத்தபோதும் என் முன்னால் நின்று டேப்பைப் பிடித்து எண்ணைச் சொன்னாள். எப்போதும் சொல்கிற எண்தான். மாஸ்டர் குறித்துக்கொண்டார்.

முதல் மாதிரி தைத்து வந்தது. நான் மறைப்புக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பேண்ட் இடுப்பிலிருந்து நழுவி இடுப்பெலும்பில் தொங்கியது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார், பேண்டை மட்டும்.

"லைக்ரா எளகிருச்சுங்க அம்மிணி. துணி நிக்கல."

"சரிங்க."

"ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை புடிச்சரலாங்க. புடிச்சாப் புடிச்சதுதான் பாத்துக்கங்க, ஓவர்லாக்குல பிரிச்சு உட முடியாது."

ஓவர்லாக் மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி உண்டு. தைக்கும்போதே ஓரத்து உபரித் துணியை வெட்டித் தள்ளிக்கொண்டே போகும். டெய்லர் கடைச் சட்டையைப்போல உள்ளே துணி மடித்து வைத்திருக்காது. அதனால் பின்னல் துணியில் எப்போதும் குறைக்கலாம், கூட்ட முடியாது. அக்கா இரு பக்கமும் துணியைக் கிள்ளி ஊசி குத்தினாள். கத்தி வெட்டித் தள்ளியது. பேண்ட் என் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

படத்துக்கு மேலே என்ன போடுவது என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. முன்பானால் அரை நாள் ரேக்கைக் கலைத்துப் போட்டு, ஒன்றுக்கு நான்கு டாப் மாற்றி, பெல்ட், செருப்பு என்று எல்லோர் உயிரையும் வாங்கியிருப்பேன். அன்று கைக்கு முதலில் வந்த வெள்ளை டீஷர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நீளம் தொடை வரை வந்தது. பெல்ட் இல்லை, நகை இல்லை, கால் வெறுங்கால். படம் போனது. பையர் உடனே பதில் எழுதியிருந்தார், எவ்வளவு அடக்கமான ரசனை, பழைய பேண்டைப் புதிதாகக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை, கேட்டலாக்கிலும் இப்படியே போடச் சொல்கிறேன் என்று. மரத்துப்போன கை எடுத்ததை அந்த அம்மா ரசனை என்று நினைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஒரு வாரத்தில் பேண்டும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மெயிலில் அந்தச் சந்தோஷம் இல்லை. அவர்கள் ஊர் மாடல் பெண்ணுக்கு ஜிப் பாதியிலேயே நின்றுவிட்டதாம். படத்தில் சரியாக இருக்கிறது, இங்கே ஏறவே மறுக்கிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தார்.

பிறகு எங்கள் கம்பெனியில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எல்லோரும் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் அதை நனைத்துப் பார்த்தார், காயவைத்துப் பார்த்தார், ஒரு துண்டை மேசையில் ஆணியடித்து இழுத்துக் கட்டி அடுத்த நாள் அளந்து பார்த்தார். துணியைச் சுருக்கம் நீக்கி அனுப்பும் கம்பாக்டிங் பட்டறைக்காரரை முதலாளி கூப்பிட்டு ஏறு ஏறு என்று ஏறினார். அந்த மனிதர் "நம்ம மேல தப்பில்லீங்க, விமானத்துல குளுருக்குச் சுருங்கியிருக்குமுங்க" என்று புதிதாக ஒரு விஞ்ஞானத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அதையும் இரண்டு பேர் நம்பினார்கள். லைக்ரா மாற்றினார்கள், நூல் மாற்றினார்கள். இரண்டாவது மாதிரி வந்தது. என் மேல் அதுவும் தொங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. மறுபடியும் துணி எளகிவிட்டது என்றார்கள். மறுபடியும் ஊசி, மறுபடியும் கத்தி. பையரின் மெயில் இந்த முறை இரண்டே வரி. ஜிப் ஏறவில்லை. நேரில் வருகிறேன், அப்போதும் சரியாகவில்லை என்றால் வேறு கம்பெனி பார்க்கிறேன்.

நான் மெலிந்துபோயிருந்தேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அது எனக்கே தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சுடிதார் பேண்டுக்கு நாடா. இடுப்பு எவ்வளவு இருந்தாலும் இழுத்துக் கட்டினால் நிற்கும். நாடாவின் நுனி நீண்டுகொண்டே வந்திருக்கும், யார் பார்த்தார்கள். கண்ணாடி முன் நின்று செய்யவும் எனக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. பொட்டு இல்லை, பூ இல்லை, தலையைக் கண்ணாடி இல்லாமலே பின்னிக்கொள்ளலாம்.

ஆனி கடைசியில் பையர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, வெட்டிய நரைமுடி, வெயிலில் சிவந்த மூக்கு. மூன்று வருடம் மெயிலில் பேசியிருந்தாலும் அன்றுதான் நேரில் பார்க்கிறோம். அண்ணன் முந்தின நாள்தான் போன் செய்திருந்தார். "ஆடி பொறக்கப் போகுது, துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க" என்றார். எடுத்து வைக்க என்ன இருந்தது? பீரோவில் பாதி என் கணவருடைய சட்டைகள்.

சாம்பிள் அறையில் முதலாளி, மாஸ்டர், அக்கா, நான், அந்த அம்மா. மேசையில் பழைய பேண்ட் கிடந்தது. மூன்றாவது மாதிரியை நான் போட்டுக்கொண்டு வந்தேன். முந்தின நாளே என் மேல் வைத்துக் கிள்ளிக் குறைத்துத் தைத்தது, அப்பழுக்கில்லாமல் உட்கார்ந்தது. முதலாளி முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த அம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு அக்காவின் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கேட்டு வாங்கினார்.

என் முன்னால் கொஞ்சம் குனிந்து, இரண்டு கையையும் என் இடுப்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், டேப்பின் நுனியைப் பிடித்து முன்னால் இழுத்தார். அவர் தலைமுடி என் மோவாயில் பட்டது. டேப் வயிற்றில் ஜில்லென்று பட்டது. நான் திடுக்கிட்டேன். அது என்ன என்று முதலில் புரியவில்லை. ஒரு மனிதக் கை என்னைச் சுற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான். கருமாதிக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அவர் எண்ணைப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு டேப்பை விடாமலேயே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடம் கழுத்துக்குக் கீழேயே பார்த்துப் பழகியவர், முகத்தில் அந்த உடம்பைத் தேடுவது தெரிந்தது. நீ வேறு பெண்ணா என்று முதலில் கேட்டார். இல்லை, நான்தான், எல்லாப் படத்திலும் நான்தான் என்றேன். அப்படியென்றால் உனக்கு என்ன ஆயிற்று என்றார்.

என் கணவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அதுவரை அந்த வாக்கியத்தை நான் ஒரு மொழியிலும் சொன்னதில்லை. கேட்கத் தேவையில்லாதவர்கள் நடுவிலேயே அத்தனை நாளும் இருந்திருக்கிறேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனாலும் செய்தி அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த அம்மா வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. டேப்பைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். முதலாளி எங்கேயோ பார்த்தார். மாஸ்டர் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் உடைந்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள். 'நீங்க' போய்விட்டிருந்தது. "ஊசி குத்துறப்பல்லாம் தெரியும். துணி எளகல, நீதான் எளச்சுப் போய்ட்ட. நான் டேப்ப உன் மேல வைக்கவே இல்ல. பழைய நம்பரத்தான் வாயில சொன்னேன்."

"ஏங்க்கா?"

"தொட்டா ஒடஞ்சிருவியோன்னு இருந்துச்சு. எல்லாரும் நிக்கையில, புள்ள பாதியாப் போச்சுன்னு எப்படிட்டி சொல்லுவேன்? ஏன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறொரு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் முதல் நாளே டேப்பை வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் தொடாமல் இருப்பது, கேட்காமல் இருப்பது. அந்த மரியாதையில் ஒரு ஆர்டரே போயிருக்கும். கூடவே நானும் மூலனூருக்குப் போயிருப்பேன்.

மற்றது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முதலில் தைத்த பேட்டர்ன்தான் சரியானது. ஊசி குத்துவதற்கு முந்தைய பேண்ட். அதே காகிதத்தில் அன்று மத்தியானமே இன்னொன்று தைத்து டம்மியில் மாட்டினார்கள். ஜிப் சர்ரென்று ஏறியது, இடுப்பு சொருகியதுபோல உட்கார்ந்தது. அந்த அம்மா தன் பழைய பேண்டையும் புதியதையும் அருகருகே பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதலாளி என் முன்னாலேயே அண்ணனுக்கு போன் போட்டார். "ஆர்டர் வந்துருச்சுங்க. அம்மிணி இங்கயே இருக்கட்டுங்க." எதிர்முனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அண்ணன் ஆடியில் வந்தார், ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதிரியை என்ன செய்வது என்று கேட்டபோது, அது யாருடைய அளவுக்கும் பொருந்தாது, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். எத்தனையோ ஆயிரம் பேருக்குத் துணி தைத்து அனுப்பிய அந்தக் கம்பெனியில் எனக்கென்று தைத்த துணி அது ஒன்றுதான்.

அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தனியாகப் போட்டால் வீதியே எழுந்து நிற்கும், அதனால் என் பழைய சுடிதார் டாப்புகளை மேலே போட்டேன். வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம். முழங்கால் வரை டாப், அதற்குக் கீழே விரிந்து விழும் பாசிப்பச்சை. மேலே பருத்தித் துப்பட்டா. வேனில் ஒரு பெண் இது என்ன புது மாடல் சுடிதாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது எழுபதுகளில் எங்கேயோ ஒரு பெண் முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பேண்ட் என்று அவளிடம் சொல்லவா முடியும்? மாமியார் ஒருநாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார். அதைத் துவைத்துக் காயப்போடும்போது மடிப்புத் தையல் நேராக விழும்படி கொடியில் போடுவார். இருவரும் கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தோம். துணி காய்ந்ததா, மழை வருமா, அவ்வளவுதான். அவர் வைத்ததைச் சாப்பிட்டேன். என்ன வைத்தார் என்று சில நாள் தெரிந்தது.

ஆனால் அழவில்லை. அதுவும் மாறவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. வேன் வர நேரமிருந்தது. துவைத்தால் காயாது என்று அந்தப் பேண்டைச் சில வாரங்களாக எடுக்காமல் இருந்தேன். அன்று எடுத்துப் போட்டுக்கொண்டு ஜிப்பை இழுத்தேன். பாதியில் நின்றது. துணி ஈரமாக இருக்கும் என்று நினைத்தேன். துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் கம்பெனி மொத்தமும் நினைத்ததை நானும் ஒருமுறை நினைத்தேன். மறுபடி இழுத்தேன். நகரவில்லை.

மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார்.

"மூச்ச இழுத்துப் புடி கண்ணு" என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மறுகையால் ஜிப்பை இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அது அசையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாசிக்குப் பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ லேசாகச் சிரிப்பு மாதிரி வந்தது.

"தேறிட்ட கண்ணு."

நான் தேறியிருந்தேன். என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், இந்த உடம்பு சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பழைய அளவுக்கு வந்து நின்றிருந்தது. அவர் செத்துப்போன நாட்களின் அளவுக்குத் தைத்த ஒரே துணி அது. அதற்குள் நான் இனி நுழைய முடியாது. என் உடம்பின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் இல்லாமல் அது எப்படித் தேறலாம்?

"அதுக்கென்ன, பக்கத்துல பிரிச்சு உட்டுக்கலாம் கண்ணு" என்றார் மாமியார்.

"முடியாதுங்கத்தை" என்றேன். "பிரிச்சு உட உள்ள துணியில்லீங்க."

அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். நின்ற இடத்திலேயே, பாதி ஜிப்போடு, வாயைத் திறந்து சத்தமாக அழுதேன். மாமியார் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது, பிறகு போய்விட்டது.